பழைய பிக்கப்பில் காலடி டிம்மர்: அங்கேயே வைப்பதா, கைக்குக் கொண்டுவருவதா?

1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி10 பிக்கப்பை வாங்கிச் சரிசெய்கிறவர்கள், கேபின் தரையில் துருப் பிடித்த தகட்டை வெட்டி எடுக்கும் நாளில் கட்டாயம் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள். இடது காலுக்கு அருகே, தரை மேல்நோக்கி ஏறும் சரிவில் இரண்டு ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கும், ஹெட்லைட்டை ஹைபீமுக்கும் லோபீமுக்கும் மாற்றும் அந்த டிம்மர் சுவிட்சை மறுபடி அங்கேயே மாட்டுவதா, இல்லை எல்லா வண்டியிலும் இருப்பது போலக் கைக்குக் கொண்டுவந்துவிடுவதா? தகடு வெட்டியிருக்கும்போதே முடிவெடுத்தால் வேலை பாதி. பெயிண்ட் அடித்து மேட் போட்ட பிறகு யோசித்தால் எல்லாம் இரட்டை வேலை.

அம்பாசடரோ பழைய மகிந்திரா ஜீப்போ ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல, காலால் ஒரு தட்டு தட்டினால் ஹைபீம், இன்னொரு தட்டு தட்டினால் லோபீம். அமெரிக்காவில் இந்த ஏற்பாடு 1927இல் வந்தது, ஃபோர்டு எஃப் வரிசை பிக்கப்களில் 1991 மாடல் வரைக்கும் நீடித்தது. அறுபது வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது என்றால் அதில் ஏதோ நல்லது இருக்கிறது என்றுதான் அர்த்தம். கை ஸ்டீயரிங்கை விட்டு நகரவே வேண்டாம், அதுதான் அந்த நல்லது. கெட்டது என்னவென்றால், வண்டியிலேயே மிக அழுக்கான, மிக ஈரமான இடத்தில் ஹெட்லைட்டின் மொத்தக் கரண்டும் கடந்துபோகும் சுவிட்சை வைத்திருக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடது கால் நன்றாக வேலை செய்கிறது, வண்டி ஆட்டோமேட்டிக் கியர் என்றால், அதை அங்கேயே புதிதாக, நன்றாக மாட்டுங்கள். இடம் மாற்ற உண்மையான காரணம் இருந்தால் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திருப்பிவிடும் சுவிட்ச்) வைத்து மாற்றுங்கள். ரிலே இல்லாமல் டாஷ்போர்டில் ஒரு டாகிள் சுவிட்ச் (குட்டி லிவரை மேலும் கீழும் தட்டும் வகை) போட்டு மூன்று வயரையும் நேராக இழுத்துவிடுவது மட்டும் வேண்டாம், அதைத்தான் பெரும்பாலானவர்கள் முதலில் செய்கிறார்கள்.

உண்மையான காரணம் என்றால் எது? முதலாவது, கிளச். வளைவில் கியரைக் குறைக்கிற அதே நொடியில் எதிரே வண்டி வந்தால் இடது கால் கிளச்சில் மாட்டிக்கொண்டிருக்கும், டிம் அடிக்க அதற்கு நேரம் இருக்காது. நேர்ச்சாலையிலேயே வண்டி ஓட்டுகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை, மலைப்பாதையிலோ வளைவு நிறைந்த கிராமச் சாலையிலோ ராத்திரி ஓட்டுகிறவருக்குப் பெரிய விஷயம். இரண்டாவது, உடம்பு. இடது முட்டி வலி, கணுக்காலில் அறுவை சிகிச்சை, செயற்கைக் கால் என்று எதுவானாலும், பாதத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் நகர்த்தி அழுத்துவது அவர்களுக்கு வேதனை. இதற்கு மேல் வேறு காரணமே தேவையில்லை. மூன்றாவது, இடநெருக்கடி: ஆட்டோமேட்டிக்கிலிருந்து மேனுவலுக்கு மாற்றி புது கிளச் பெடல் வந்தது, தரையில் தடிமனான சத்தத்தடுப்பு விரிப்பு போட்டதில் பொத்தான் உள்ளே புதைந்துபோனது, இப்படி.

"பழைய சுவிட்ச் அடிக்கடி கெட்டுப்போகிறது" என்பது மட்டும் இடம் மாற்றக் காரணமாகாது. கெட்டுப்போவது தண்ணீரால். இந்த வண்டிகளில் முன்கண்ணாடி ரப்பர் வழியாக ஒழுகும், கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுப்பாதையில் இலை சேர்ந்து அடைத்து அங்கிருந்தும் இறங்கும், கால் பக்கத்துக் காற்றுத் திறப்பைச் சுற்றித் துருப் பிடித்திருந்தால் அதன் வழியாகவும் வரும். மூன்றும் வந்து சேருகிற இடம் டிம்மர் இருக்கிற மூலைதான். ஒழுக்கை நிறுத்தாமல் சுவிட்சை மட்டும் மேலே தூக்கினால் சுவிட்ச் பிழைக்கும், தரை மறுபடி போய்விடும்.

சரி, அங்கேயே வைப்பது என்று முடிவெடுத்தால் என்ன செய்ய வேண்டும்? புது சுவிட்ச் இருபது டாலருக்குள் கிடைக்கும். ஆனால் அதைவிட முக்கியம் அதில் செருகும் மூன்று முனை கனெக்டர். பழைய கனெக்டரின் உள்ளே பித்தளை முனைகள் கறுத்து, தளர்ந்து, சூட்டில் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும், அதிலேயே புது சுவிட்சைச் செருகினால் அதே கதைதான் திரும்ப நடக்கும். வயரோடு சேர்ந்த புது கனெக்டரையும் வாங்கி மாட்டுங்கள், முனைகளில் சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள், சுவிட்சைத் தகட்டோடு ஒட்ட மாட்டாமல் சின்ன பிராக்கெட் ஒன்றை வளைத்து ஒரு அங்குலம் உயர்த்தி மாட்டுங்கள். அந்த ஒரு அங்குலத்தில் மேட்டுக்கு அடியில் தேங்கும் ஈரம் அதைத் தொடாது. அதற்கு மேல் உயர்த்த வேண்டாம், குதிகாலைத் தரையில் ஊன்றியபடியே விரல்பகுதியால் அழுத்த முடிய வேண்டும், குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தால் குலுங்குகிற சாலையில் பொத்தானைத் தவறவிடுவீர்கள்.

இதே சுவிட்சைச் சில அங்குலம் நகர்த்துவதும் உண்டு, பெடல் இடிக்கிறது என்பவர்களுக்கு அது போதும். வழக்கமாகப் போடுகிற ஷூவோடு சீட்டில் உட்காருங்கள், கண்ணை மூடிக்கொண்டு காலைக் கொண்டுபோங்கள், கால் தானாக எங்கே போய் நிற்கிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள், கிளச்சை முழுக்க அழுத்தியும் பார்த்துவிட்டுத் துளை போடுங்கள். அதில் பேச வேறொன்றும் இல்லை.

இப்போது டாஷ்போர்டு டாகிளுக்கு வருவோம். இது ஏன் எல்லோரையும் இழுக்கிறது என்று புரிகிறது. செவர்லேயில் டிம்மருக்கு வருவது மூன்றே வயர்: இளநீலம் ஹெட்லைட் சுவிட்சிலிருந்து வருகிற கரண்ட், மரத்தூள் நிறத்தில் இருப்பது லோபீம், இளம்பச்சை ஹைபீம். மூன்றையும் நீட்டி, மூன்று முனை உள்ள டாகிளில் மாட்டினால் வேலை முடிந்தது, அரை மணி நேரம்தான். ஆனால் அந்த வயர்களில் ஓடுகிற கரண்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு அங்குல வட்ட ஹாலோஜன் சீல்டு பீம் (பல்பும் கண்ணாடியும் ஒன்றாக மூடிய விளக்கு) ஒன்று ஹைபீமில் 60 வாட், லோபீமில் 50 வாட். இரண்டு விளக்கு ஹைபீமில் 120 வாட், அதாவது கிட்டத்தட்ட 9.4 ஆம்பியர். நான்கு விளக்கு உள்ள வண்டியில் ஹைபீமில் நான்கும் எரியும், அப்போது இன்னும் அதிகம். கடையில் அழகாக இருக்கிற சின்ன டாகிள்களில் பல இந்தக் கரண்டைத் தொடர்ந்து தாங்குவதற்குச் செய்யப்பட்டவையே அல்ல, கொஞ்ச மாதத்தில் உள்ளே கருகும். கருகினால் அணைவது இரண்டு ஹெட்லைட்டும்தான், அதுவும் ராத்திரியில், ஓடிக்கொண்டிருக்கும்போது.

அப்புறம் வயர் நீளம். சுவிட்ச் தரையிலிருந்து டாஷ்போர்டுக்குப் போகும்போது போக 2 மீட்டர், வர 2 மீட்டர் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 14 கேஜ் தடிமன் வயரில் அந்த 4 மீட்டரில் மட்டும் 0.3 வோல்ட் அளவுக்கு இழப்பு. 0.3 வோல்ட் தானே என்று தோன்றும். பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜின் ஏறக்குறைய 3.4 அடுக்கில் மாறுகிறது, அதனால் வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். இந்த 0.3 வோல்ட்டுக்கு ஏழெட்டு சதவீத வெளிச்சம் போகும். ஐம்பது வருஷப் பழைய ஹெட்லைட் சுவிட்சும் பழைய கனெக்டர்களும் ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கும் வெளிச்சத்துக்கு மேல் இது.

வாங்கும்போது இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. டாகிள்களில் நடுவில் நிற்கும் வகை உண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒன்றுமில்லை. பார்க்க இதுவும் இரண்டு நிலை வகையும் ஒரே மாதிரி இருக்கும். அந்த வகையை மாட்டிவிட்டால் முட்டி தட்டி லிவர் நடுவில் நின்றாலே முழு இருட்டு. வாங்குமுன் மல்டிமீட்டர் வைத்து இரண்டு நிலைதான் என்று உறுதிசெய்யுங்கள்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது நேரம். டெக்சஸ் சட்டப்படி எதிரே வரும் வண்டி 500 அடிக்குள் வருவதற்கு முன் லோபீமுக்கு மாற்றியாக வேண்டும், முன்னால் போகிற வண்டிக்குப் பின்னால் 300 அடிக்குள் இருந்தாலும் அப்படியே. இருவழிச் சாலையில் இரண்டு வண்டியும் மணிக்கு 60 மைலில் வந்தால் ஒன்றையொன்று நெருங்கும் வேகம் நொடிக்கு 176 அடி. அந்த 500 அடியைக் கடக்க மூன்று நொடிகூட ஆகாது. அந்த மூன்று நொடியில் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து, ஹீட்டர் குமிழுக்கும் ரேடியோவுக்கும் நடுவில் ஒரு குட்டி லிவரைத் தடவித் தேடுவது சரிவராது. காலடி சுவிட்சை இருந்த இடத்திலேயே கண்ணை மூடி அழுத்தியவர், டாஷ்போர்டுக்கு மாற்றியபின் குனிந்து பார்த்து அழுத்துகிறார் என்றால் வண்டி முன்பைவிட மோசமாகிவிட்டது என்றுதான் சொல்வேன். டாஷ்போர்டில்தான் வேண்டும் என்றால் ஸ்டீயரிங் வளையத்தைப் பிடித்தபடியே விரல் நீட்டினால் எட்டுகிற இடத்தில், இண்டிகேட்டர் லிவருக்குக் கீழே ஒட்டினாற்போல வையுங்கள்.

ஸ்டீயரிங் தண்டையே மாற்றுவது இன்னொரு வழி. பின்னாளில் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப், வேன்களின் தண்டில் இண்டிகேட்டர் லிவரை இழுத்தாலே டிம் மாறும். லிவரிலிருந்து ஒரு மெல்லிய கம்பி தண்டின் மேலேயே ஓடி, கீழே பொருத்திய டிம்மர் சுவிட்சைத் தள்ளும், அந்தச் சுவிட்சுக்குப் போவதும் அதே மூன்று நிற வயர்கள்தான். எல்லா வழியிலும் ஓட்டுவதற்குச் சுகமானது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஸ்டீயரிங்கைச் சாய்த்து வைக்கும் வகைத் தண்டாக இருந்தால் அந்த வசதியும் கூடவே வந்துவிடும். ஆனால் இது டிம்மர் வேலை இல்லை, ஸ்டீயரிங் வேலை. தண்டின் நீளம் பொருந்த வேண்டும், அடியில் இருக்கும் ரப்பர் இணைப்பு பொருந்த வேண்டும், கியர் லிவர் தண்டில் இருந்தால் அதன் இணைப்புக் கம்பிகள் பொருந்த வேண்டும், சி10இல் சாவி டாஷ்போர்டில் இருக்கிறது, புதுத் தண்டில் சாவியும் தண்டிலேயே வரும், அந்த வயரிங்கையும் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். பழைய தண்டு ஆடுகிறது, பேரிங் தேய்ந்துவிட்டது, எப்படியும் மாற்றத்தான் போகிறோம் என்பவர்கள் இதைச் செய்யலாம், செய்தால் டிம்மர் பிரச்சினை சும்மாவே தீரும். வெறும் டிம்மருக்காக நல்ல தண்டைக் கழற்றுவது பணத்துக்கும் கேடு, பாதுகாப்புக்கும் நல்லதில்லை.

எனக்குப் பிடித்த வழிக்கு வருகிறேன். ஐந்து முனை ரிலே ஒன்று, எல்லா உதிரிபாகக் கடையிலும் பத்து டாலருக்குள் கிடைப்பது, முனைகளில் 30, 85, 86, 87, 87ஏ என்று எழுதியிருக்கும். அதில் 30க்கும் 87ஏக்கும் சும்மா இருக்கும்போதே இணைப்பு உண்டு, காயிலுக்கு (85க்கும் 86க்கும் நடுவே உள்ள காந்தச் சுருளுக்கு) கரண்ட் கொடுத்தால் 30 விலகி 87க்குப் போகும். ஆக இளநீலத்தை 30இல் கொடுங்கள், லோபீம் வயரை 87ஏயில், ஹைபீம் வயரை 87இல். காயிலுக்கு வேண்டிய கரண்டை அதே இளநீலத்திலிருந்து ஒரு சின்ன ஃபியூஸ் வழியாக எடுத்து, நீங்கள் விரும்பும் சுவிட்ச் வழியாக 86க்குக் கொண்டுபோங்கள், 85 எர்த். ஹெட்லைட் எரியும்போது மட்டும்தான் காயிலுக்குக் கரண்ட் போகும், அதனால் சுவிட்சை ஹைபீமில் விட்டுவிட்டு வண்டியை நிறுத்தினாலும் பேட்டரி இறங்காது.

இதன் பெரிய அழகு என்னவென்றால், புது சுவிட்ச் வழியாக இப்போது ஓடுவது வெறும் 0.2 ஆம்பியர் அளவுதான். எந்தச் சின்ன சுவிட்சும் தாங்கும், மெல்லிய வயர் போதும், ஹெட்லைட் வயரை ஒரு அடிகூட நீட்ட வேண்டாம், ரிலே பழைய டிம்மருக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் மேலே, காய்ந்த இடத்தில், முனைகள் கீழே பார்த்தபடி நிற்கும். இன்னொரு அழகு, எனக்கு இதுதான் முக்கியம்: சுவிட்ச் கெட்டாலும், மெல்லிய வயர் அறுந்தாலும், காயில் எரிந்தாலும், அந்தச் சின்ன ஃபியூஸ் போனாலும் ரிலே தன் ஸ்பிரிங் பலத்தில் 87ஏக்குத் திரும்பிவிடும், லோபீம் எரிந்துகொண்டே இருக்கும். காலடி சுவிட்சிலோ நேரடி டாகிளிலோ இந்தப் பாதுகாப்பு கிடையாது. லோபீமுக்கு ஒன்று, ஹைபீமுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே வைத்து, இரண்டையும் காயில் ஏறினால்தான் எரியும்படி சிலர் இணைக்கிறார்கள், பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் எடுப்பதால் வெளிச்சம் பிரமாதமாக வரும், நல்ல வேலைதான். ஆனால் அதில் ஒரு மெல்லிய வயர் அறுந்தால் அந்த பீம் போய்விடும். அப்படிச் செய்கிறவர்களும் லோ, ஹை பிரிக்கும் இடத்தில் மட்டும் 87ஏ தந்திரத்தை விட்டுவிடாதீர்கள்.

சுவிட்சை எங்கே வைப்பது? இண்டிகேட்டர் லிவரின் நுனியிலோ, தண்டைச் சுற்றிக் கவ்வும் பட்டையில் லிவருக்குப் பக்கத்திலோ. தட்டினால் தட்டிய பக்கம் நிற்கும் வகை போதும். அழுத்தி விட்டால் திரும்பிவிடும் பொத்தான்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறி மாறி நிற்கும் ரிலே தேவை. பழைய வோல்க்ஸ்வாகன் பீட்டிலில் 60களின் பின்பகுதியிலிருந்து அப்படிப்பட்ட டிம்மர் ரிலேதான், லிவரை இழுத்தால் ஒரு நொடி எர்த் கிடைக்கும், ரிலே மாறும். 12 வோல்ட் வகை இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. அதன் முனைகளில் 56 என்பது ஹெட்லைட் கரண்ட், 56ஏ ஹைபீம், 56பி லோபீம். நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் இயந்திரம் சிக்கிக்கொண்டால் எந்தப் பக்கம் நிற்கும் என்று சொல்ல முடியாது, அதனால் நான் சாதாரண ஐந்து முனை ரிலேயையே தேர்ந்தெடுப்பேன்.

காலும் வேண்டும், கையும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, வீட்டில் மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒன்று மேலே ஒன்று என்று சுவிட்ச் போடுகிறோமே, அதே இணைப்பு. காலடி டிம்மரே ஒரு பொது முனையும் இரண்டு வெளி முனையும் உள்ள சுவிட்ச்தான். காயிலுக்குப் போகும் கரண்டை அதன் பொது முனையில் கொடுத்து, இரண்டு வெளி முனைகளையும் கைச் சுவிட்சின் இரண்டு வெளி முனைகளோடு இணைத்து, கைச் சுவிட்சின் பொது முனையிலிருந்து 86க்குக் கொண்டுபோனால் எதைத் தட்டினாலும் பீம் மாறும். கணவன் காலால் ஓட்டிப் பழகியவர், மனைவிக்கு முட்டி வலி, இருவரும் ஒரே வண்டி என்கிற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

எந்த வழியானாலும் பழைய வயரை வெட்ட வேண்டாம். பழைய மூன்று முனைக் கனெக்டர் நல்ல நிலையில் இருந்தால், மூன்று தட்டை முனைகளை வைத்து ஒரு இடைவயர் செய்து அதிலேயே செருகி ரிலேக்குக் கொண்டுபோங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் தொழிற்சாலையில் வந்தபடியே வேண்டும் என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடலாம். தரையிலிருக்கும் ஓட்டையை வெறுமனே விடாமல் ரப்பர் அடைப்பானால் மூடுங்கள், அல்லது பழைய சுவிட்சையே இணைப்பில்லாமல் அங்கே விட்டுவையுங்கள். டாஷ்போர்டில் ஹைபீம் எரிவதைக் காட்டும் சின்ன விளக்குக்கான கரண்ட் ஹைபீம் பாதையிலிருந்துதான் வருகிறது, அந்த இணைப்பு தொலைந்துபோகாமல் பாருங்கள். அது எரியவில்லை என்றால் எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு பத்து மைல் போவது உங்களுக்கே தெரியாது.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கும் முன்னால் ஒரு அளவு எடுத்து வையுங்கள்: இஞ்சின் ஓடும்போது, ஹெட்லைட் எரியும்போது, பேட்டரியில் எத்தனை வோல்ட், ஹெட்லைட் கனெக்டரில் எத்தனை வோல்ட், இளநீலத்தில் எத்தனை, டிம்மருக்கு அப்புறம் எத்தனை. டிம்மரில் மட்டும் அரை வோல்ட் இழப்பு தெரிந்தால் சுவிட்சோ கனெக்டரோ முடிந்துவிட்டது. டிம்மரில் ஒன்றுமில்லை, அதற்கு முன்னாலேயே ஒரு வோல்ட் போய்விட்டது என்றால் குற்றவாளி ஹெட்லைட் சுவிட்சும் அதற்கு வரும் பாதையும். அப்போது டிம்மரை எங்கே மாற்றினாலும் வெளிச்சம் கூடாது, பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்கும் ரிலேதான் முதலில் வேண்டும். இந்த வண்டிகளின் ஹெட்லைட் சுவிட்சுக்குள்ளேயே சூடானால் துண்டித்து, ஆறினால் மறுபடி இணைக்கும் பிரேக்கர் ஒன்று இருக்கிறது. கூடுதல் வாட் பல்பு போட்ட பிறகு ஹெட்லைட் தானாக அணைந்து அணைந்து எரிகிறது என்றால் அதன் வேலைதான், டிம்மர் மேல் பழி போட்டு அதைக் கழற்றாதீர்கள்.